சிறு பிள்ளைகளோடு தெற்கே புறப்படும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

சுவிஸில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு,

சூரிச்சிலிருந்து கோத்தார்ட் மலையைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கி, லிகூரியக் கடற்கரையை ஒட்டிப் பிரான்ஸின் தெற்கைத் தாண்டி, ஸ்பெயினின் கத்தலோனியா வரை போய், ரோன் பள்ளத்தாக்கு வழியே வீடு திரும்பும் சுற்று ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். பெரியவர்கள் மட்டும் போனால் பத்து நாளில் முடித்துவிடலாம். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பின்னிருக்கையில் இருக்கும்போது இதே சுற்றுக்குப் பதினேழு இரவுகள் தேவை. அவ்வளவு நாள் விடுப்பு இல்லாத குடும்பம் சுற்றைச் சுருக்குவதே நல்லது. நாளைச் சுருக்கி, ஊர்களை அப்படியே வைத்திருக்கும் திட்டங்கள்தான் பெரும்பாலும் நடுவழியில் உடைகின்றன.

கோமோ ஏரி, மிலான், பீசா, மொனாக்கோ, நீஸ், மார்சேய், பார்சலோனா என்று தாளில் எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு, மூன்று மணி நேர ஓட்டம்தான் தெரியும். இடம் மாறும் நாளின் உண்மையான நீளம் அந்தத் தாளில் தெரியாது. தங்குமிடத்தைக் காலை பத்து மணிக்குக் காலி செய்ய வேண்டும். அடுத்த இடத்தின் சாவி பிற்பகல் மூன்றுக்கோ நான்குக்கோதான் கைக்கு வரும். நடுவிலுள்ள ஐந்து மணி நேரம் வெயில் உச்சத்தில் நிற்கும் நேரம், சிறு பிள்ளைகள் மதியத் தூக்கம் தூங்கும் நேரம், பசியெடுக்கும் நேரம். போர்த்திப் படுக்கக் கட்டிலோ, திறந்தால் பால் எடுக்கக்கூடிய குளிர்பெட்டியோ இல்லாமல் ஒரு குடும்பம் தெருவில் நிற்கும் நேரமும் அதுதான். ஆகவே கிலோமீட்டரை எண்ணுவதற்கு முன் எத்தனை முறை பெட்டி கட்ட வேண்டியிருக்கிறது என்பதை எண்ண வேண்டும். நான்கு பெரிய தரிப்புகளுக்கு மேல் போனால் பிள்ளைகளுக்கு அது பயணமாக இருக்காது, ஓயாத இடமாற்றமாகிவிடும்.

இந்தச் சுற்றுக்குப் பொருந்தும் நான்கு தரிப்புகள் உண்டு. முதலாவது லுகானோ, இரண்டு இரவு. மலையைக் கடந்த களைப்புத் தீர அது போதும். பக்கத்தில் மெலிடேயில் உள்ள சுவிஸ்மினியாத்தூர் பூங்காவில் நாட்டின் கட்டடங்கள் 25இல் ஒரு பங்கு அளவில் நிற்கின்றன, சின்ன ரயில்கள் ஓடுகின்றன. நான்கு வயதுப் பிள்ளைக்கு மிலான் தேவாலயத்தைவிட அது பெரிய அதிசயம். இரண்டாவது அலாசியோ, நான்கு இரவு. லிகூரியாவின் கரை பல இடங்களில் பாறையும் கூழாங்கல்லுமாக இருக்க, அலாசியோவில் நுண்மணல் கிடைக்கிறது. மூன்றாவது நீமுக்கும் யூசேஸுக்கும் நடுவிலுள்ள நாட்டுப்புறம், நான்கு இரவு. ரோமர்கள் நீம் நகருக்குத் தண்ணீர் கொண்டுவர எழுப்பிய போன் டு கார் பாலம் அங்கேதான் இருக்கிறது. மூன்றடுக்கு வளைவுகள், 49 மீட்டர் உயரம். பிள்ளைகளை இழுப்பது பாலத்தின் வயதல்ல. அதன் கீழே ஓடும் கார்தோன் ஆற்றின் ஆழமற்ற ஓரங்களும், அங்கே உருட்டி விளையாடக் கிடைக்கும் கற்களும்தான் அவர்களைப் பிடித்துவைக்கும். நான்காவது கிரோனா அல்லது அதற்கருகிலுள்ள கடலோர ஊர், ஐந்து இரவு.

பார்சலோனாவுக்குள் காரைக் கொண்டுபோகத் தேவையில்லை. கிரோனாவிலிருந்து அதிவேக ரயில் சுமார் 40 நிமிடத்தில் நகர நடுவில் இறக்கிவிடும். பார்சலோனாவின் குறைந்த மாசு வலயத்துக்குள் நுழைய வெளிநாட்டு வாகனங்கள் முன்கூட்டிப் பதிய வேண்டியிருப்பதும், தரிப்பிடம் தேடி அலைவதும், நிறுத்திய காரின் கண்ணாடி உடைபடுமோ என்ற பயமும் ஒரே பயணச்சீட்டில் தீர்ந்துவிடும். சாக்ராடா ஃபமீலியா தேவாலயத்துக்கு நேரம் குறித்த நுழைவுச்சீட்டை வீட்டிலிருந்தே வாங்கிவைக்க வேண்டும். காலையின் முதல் நேரமே பிள்ளைகளுக்கு ஏற்றது.

லூர்து மாதாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புலம்பெயர்ந்த தமிழரில் கத்தோலிக்கரும் சைவரும் ஒருசேர நேர்த்தி வைக்கும் தலம் அது. ‘அவ்வளவு தூரம் போகிறோம், வழியில்தானே இருக்கிறது’ என்று அதைக் கடைசி நேரத்தில் சேர்ப்பவர்கள் பலர். லூர்து வழியில் இல்லை. தென் பிரான்ஸின் கர்க்கசோனிலிருந்தே ஒரு பக்கத்துக்கு 250 கிலோமீட்டருக்கு மேல். போய்த் தங்கித் திரும்ப இரண்டு முழு நாள் வேண்டும். ஆகஸ்ட் 15 விண்ணேற்புத் திருநாளையொட்டித் தங்குமிடம் கிடைப்பதும் கடினம். நேர்த்தி இருந்தால் லூர்தையே ஒரு தரிப்பாக்கி, கத்தலோனியாவை அடுத்த ஆண்டுக்கு விட்டுவிடலாம். பிரார்த்தனை, கடல், நகரம் மூன்றையும் ஒரே பதினேழு நாளில் அடக்க முயல்வது பிள்ளைகளைத்தான் வருத்தும்.

புறப்படும் நாளைத் தேர்வதில் கோத்தார்ட் சுரங்கம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 16.9 கிலோமீட்டர் நீளமான இந்த வீதிச் சுரங்கம் 1980இல் திறக்கப்பட்டது. இன்றும் ஒரே குழாய்தான். அதற்குள்ளேயே இரு திசைப் போக்குவரத்தும் நடக்கிறது. கோடை விடுமுறை தொடங்கும் சனிக்கிழமைகளில் கோஷெனென் வாசலில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் வரிசை நிற்பது புதிதல்ல. கழிப்பறைக்குப் பழகிக்கொண்டிருக்கும் மூன்று வயதுப் பிள்ளையோடு அந்த வரிசையில் இரண்டு மணி நேரம் நின்ற எவரும் மறுமுறை சனிக்கிழமை புறப்படமாட்டார்கள். செவ்வாய் அல்லது புதன் காலை நல்ல தெரிவு. வரிசை நீண்டிருந்தால் சான் பெர்னார்டினோ வழி உண்டு. கோடையில் 2,106 மீட்டர் உயரமுள்ள பழைய கோத்தார்ட் கணவாய் வீதியும் திறந்திருக்கும், ஆனால் வளைவுகள் வயிற்றைக் கலக்கும். கோயில் கொடியேற்றமும் தேரும் முடிந்த மறுநாளே புறப்பட வேண்டும் என்று திட்டமிடும் குடும்பங்கள் ஒரு நாள் இடைவெளி விடுவது நல்லது. பிள்ளைகள் அந்த நாட்களில் தூக்கம் கெட்டுக் களைத்திருப்பார்கள்.

பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வருவார்கள் என்று இரவில் புறப்படும் பழக்கம் நம்மவரிடையே பரவலாக உண்டு. கணக்கின் ஒரு பக்கம் மட்டும் சரி. உணவகச் சமையலறையிலோ மருத்துவமனையிலோ மாலை வேலை முடித்து, பதினொரு மணிக்கு வீடு வந்து, குளித்துவிட்டு நேராக ஓட்டுநர் இருக்கையில் அமர்பவர் அப்போதே பதினாறு, பதினேழு மணி நேரம் விழித்திருக்கிறார். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.5 பெர்மில் மது உள்ளவரின் கவனத்துக்கு ஒப்பாக மங்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. 0.5 பெர்மில் என்பதே சுவிஸ் சட்டம் வைத்திருக்கும் எல்லை. அதிகாலை நான்கரை மணிப் பயணம் வேறு. ஓட்டுபவர் ஒன்பது மணிக்கே படுத்து எழுந்திருந்தால், பிள்ளைகளை இரவு உடுப்போடு தூக்கிவைத்து, மலையைத் தாண்டிய பின் பெலின்சோனாவில் காலை உணவுக்கு நிறுத்தலாம். அந்த இரண்டரை மணி நேரம் பயணத்தின் மிக அமைதியான பகுதியாக அமையும்.

பிள்ளை இருக்கையைப் பற்றி நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. சுவிஸில் 12 வயது அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் வரை அது கட்டாயம். இத்தாலி 150 சென்டிமீட்டர் என்கிறது, பிரான்ஸ் 10 வயது என்கிறது, ஸ்பெயின் 135 சென்டிமீட்டர் என்கிறது. வயதைப் பாராமல் 150 சென்டிமீட்டர் வரை இருக்கையைத் தொடர்ந்தால் எங்கும் பிழை வராது. புதிய ஆர்129 தரத்து இருக்கைகளில் 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கித்தான் அமர வேண்டும். விமானத்தில் போய் இத்தாலியில் கார் வாடகைக்கு எடுப்பவர்கள் இன்னொன்றையும் கேட்டு வாங்க வேண்டும். அங்கே பதிவான வாகனத்தில் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால், பிள்ளையைக் காரில் மறந்துவிட்டுப் போவதைத் தடுக்கும் எச்சரிக்கைக் கருவி கட்டாயம்.

சட்டத்தைவிடப் பெரிய ஆபத்து நம் பாசத்தில் இருக்கிறது. இரண்டு மணி நேரம் கடந்ததும் குழந்தை அழத் தொடங்கும். பின்னால் இருக்கும் தாயோ அம்மம்மாவோ ‘பாவம், கொஞ்ச நேரம் மடியில் வைத்திருக்கிறேன்’ என்று பட்டியைக் கழற்றுவார். 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் திடீரென நின்றால் பத்துக் கிலோ குழந்தையை எந்தக் கையாலும் பிடித்துவைக்க முடியாது. அழும் குழந்தைக்கு ஒரே மருந்து அடுத்த ஓய்விடத்தில் காரை நிறுத்துவது. பிரெஞ்சு நெடுஞ்சாலையில் அது எளிது. ‘எயர்’ எனப்படும் ஓய்விடங்கள் அடுத்தடுத்து வரும், மர நிழல், மேசை, கழிப்பறை, சில இடங்களில் ஊஞ்சலும் இருக்கும். ஜெனோவாவுக்கு மேற்கே ஏ10 வீதியில் நிலைமை வேறு. சுரங்கமும் பாலமும் மாறி மாறி வரும், நிறுத்த இடம் குறைவு. அந்தப் பகுதிக்குள் நுழைவதற்கு முன்பே பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், தண்ணீர் கொடுத்து, நடக்க வைத்திருக்க வேண்டும். வயிற்றைப் பிரட்டும் தொல்லை இரண்டு வயதுக்குமேல் பன்னிரண்டு வயதுவரைதான் அதிகம். கையில் திரையைக் கொடுத்தால் கூடும், தொலைவைப் பார்க்க வைத்தால் குறையும். முறுக்கும் பிஸ்கட்டும் போதும், பாலும் எண்ணெய்ப் பலகாரமும் ஓட்டம் முடிந்த பிறகு.

கட்டணச் சாவடிகளில் இத்தாலியில் மஞ்சள் நிறத்தில் டெலிபாஸ் என்று மட்டும் எழுதிய பாதையைத் தவிர்க்க வேண்டும். தவறிப்போய் நுழைந்துவிட்டால் பின்னோக்கி எடுக்கவே கூடாது. உதவிப் பொத்தானை அழுத்தி, தரும் சீட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பின்னர் கட்டலாம். கோமோவுக்கும் மிலானுக்கும் இடையே குறுக்கிடும் ஏ36 வீதியில் சாவடியே இல்லை. கமரா எண்ணைப் பதியும், 15 நாளுக்குள் இணையத்தில் கட்ட வேண்டும். ஸ்பெயினின் ஏபி-7 வீதியில் எல்லையிலிருந்து பார்சலோனா வரை 2021 செப்டம்பர் முதல் கட்டணம் இல்லை.

அபராதம் பெரும்பாலும் வேகத்தால் வருவதில்லை, இத்தாலியப் பழைய நகரங்களின் வாசலில் வருகிறது. சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளை நடுவோடு ஒரு பலகை, அதன் கீழே ‘ஸோனா அ த்ராஃபிகோ லிமித்தாத்தோ’ என்ற எழுத்து, பக்கத்தில் மின்பலகை. மின்பலகையில் ‘வார்க்கோ அத்தீவோ’ என்று எரியும். வாசல் இயங்குகிறது, ஆகவே போகலாம் என்று எண்ணுபவர்கள் நிறைய. பொருள் நேர் எதிர்: கண்காணிப்பு இயங்குகிறது, அனுமதி இல்லாதவர் நுழையக்கூடாது. ‘நோன் அத்தீவோ’ என்றால் மட்டுமே போகலாம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அபராதக் கடிதம் அனுப்ப 360 நாள் அவகாசம் இருப்பதால், பயணம் மறந்துபோன அடுத்த வசந்தத்தில் அது தபாலில் வந்து விழும். தங்குமிடம் அந்த வலயத்துக்குள் இருந்தால், கார் எண்ணை முன்கூட்டிப் பதிவு செய்யச் சொல்லி உரிமையாளரிடம் கேட்க வேண்டும். தரிப்பிடக் கோடுகளில் வெள்ளை இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் ஒதுக்கப்பட்டது.

பிரான்ஸ் எல்லையிலும் ஸ்பெயின் எல்லையிலும் உள்ள ஓய்விடங்களில் வெளிநாட்டு எண் பலகைகளைக் குறிவைக்கும் திருடர்கள் உண்டு. டயரில் காற்றில்லை என்று பக்கத்துக் காரிலிருந்து கைகாட்டுவது பழைய உத்தி. பிள்ளைகளோடு எல்லோரும் கழிப்பறைக்குப் போகாமல் ஒரு பெரியவராவது காரிலேயே இருக்க வேண்டும்.

வெயிலைப் பற்றித் தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பது தவறு. சுவிஸில் பிறந்த பிள்ளைகள் வெயிலுக்குப் பழகாத பிள்ளைகள். பிரான்ஸின் வெப்பச் சாதனையான 46 பாகை 2019 ஜூன் 28இல் பதிவானது நீமுக்கும் மோன்பெலியேக்கும் நடுவிலுள்ள வெரார்க் என்னும் சிற்றூரில், அதாவது இந்தச் சுற்றின் நேர் வழியில். வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் பத்து நிமிடத்திலேயே பத்துப் பாகை கூடிவிடும். கண்ணாடியைச் சற்று இறக்கிவைப்பது காப்பாற்றாது. தரிப்பிடத்திலிருந்து திரும்பும்போது இருக்கைப் பட்டியின் உலோகப் பகுதியைப் பெரியவர் தன் கையால் தொட்டுப் பார்த்த பிறகே பிள்ளையை அமர்த்த வேண்டும். ஒரு வெள்ளைத் துண்டை இருக்கைமேல் விரித்துவிட்டு இறங்கினால் அந்தச் சூடு ஏறாது. வெளியே சுற்றுவது காலை பதினொன்றுக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும். நடுப்பகல் வீட்டுக்குள், கதவடைத்து, தூக்கம். அங்குள்ள மக்களும் அப்படித்தான் வாழ்கிறார்கள். இடம் மாறும் நாளில் அந்த நடுப்பகலுக்குக் கூரையுள்ள இடம் தேவை. லுகானோவிலிருந்து அலாசியோ போகும் நாளுக்கு, 1992இல் பழைய துறைமுகத்தில் திறக்கப்பட்ட ஜெனோவா மீன்காட்சியகம் சரியாகப் பொருந்துகிறது. நீமிலிருந்து கிரோனா போகும் நாளில் நார்போனுக்குத் தெற்கே சிஜோன் விலங்குக் காட்டைக் காரிலிருந்தபடியே ஓட்டிப் பார்க்கலாம்.

சாப்பாட்டு நேரம் பிள்ளைகளுக்கும் தெற்குக்கும் ஒத்துப்போகாது. இத்தாலிய உணவகங்கள் மாலை ஏழரைக்குத் திறக்கின்றன, ஸ்பெயினில் ஒன்பது மணி ஆகும். சுவிஸ் பிள்ளைக்கு ஆறரைக்குப் பசி. மதியம் வெளியே நன்றாகச் சாப்பிட்டு, இரவை வீட்டில் முடிப்பதே வழி. அதற்குச் சமையலறை உள்ள வாடகை வீடு வேண்டும். சின்ன ரைஸ் குக்கர், இரண்டு கிலோ அரிசி, பருப்பு, சரக்குத்தூள், ஒரு பொதி இடியப்ப மா இருந்தால் பதினேழு நாளும் பிள்ளை வயிறு கலங்காது. அதற்காக அந்த ஊர் உணவைத் தவிர்க்கவும் வேண்டாம். லிகூரியாவில் கடலைமாவைத் தண்ணீரிலும் ஒலிவ் எண்ணெயிலும் கரைத்துப் பெரிய செப்புத் தட்டில் சுட்டெடுக்கும் ஃபரினாத்தா நம் பிள்ளைகளுக்கு முதல் வாயிலேயே பிடிக்கும். எல்லை தாண்டி நீஸில் அதற்குச் சோக்கா என்று பெயர். முட்டையோ இறைச்சியோ அதில் இல்லை. கத்தலோனியாவில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஆகஸ்ட் 15 மூன்று நாடுகளிலும் விடுமுறை. பாலும் டயப்பரும் முதல் நாளே வாங்கியாக வேண்டும்.

கடலில் கொடியைப் பார்த்து இறங்க வேண்டும்: பச்சை, மஞ்சள், சிவப்பு. பிரான்ஸில் ஊதா நிறம் தண்ணீர் மாசையோ ஆபத்தான உயிரிகளையோ குறிக்கும். நீச்சல் பொம்மையும் காற்றடைத்த வளையமும் பிள்ளையைக் கரையிலிருந்து இழுத்துப் போகும், காப்பாற்றாது. ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும், அந்த நேரத்தில் அவர் கையில் தொலைபேசி இருக்கக்கூடாது. நம் தோலுக்கு வெயில் பூச்சு தேவையில்லை என்பதும் தவறான நம்பிக்கை. கறுத்த தோலும் சுடும், பிள்ளைகளின் தோல் இன்னும் விரைவில்.

காய்ச்சல் வந்தால் ஒன்றை மறக்கக்கூடாது. பரசிட்டமோல் பாணிக்கு இத்தாலியில் தாக்கிபிரீனா, பிரான்ஸில் தோலிப்ரான், ஸ்பெயினில் அப்பிரெத்தால் என்று பெயர். முதல் இரண்டிலும் ஒரு மில்லிலீற்றரில் 24 மில்லிகிராம் மருந்து இருக்கும். அப்பிரெத்தாலில் அதே ஒரு மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம். முன்தினம் பிரான்ஸில் கொடுத்த அதே ஐந்து மில்லிலீற்றரை எல்லை தாண்டிக் கொடுத்தால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். பிள்ளையின் எடைக்கு எத்தனை மில்லிகிராம் என்பதைக் குடும்ப மருத்துவரிடம் கேட்டுத் தாளில் எழுதி, வீட்டில் பழகிய போத்தலையே கொண்டுபோவது பாதுகாப்பு. அவசர எண் எல்லா நாட்டிலும் 112. சுவிஸ் காப்புறுதி அட்டையின் பின்பக்கத்தில் ஐரோப்பிய அட்டை அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி அட்டை கையிலிருக்க வேண்டும்.

ஆவணங்களில் நம்மவருக்கென்று சில சிக்கல்கள் உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டோடு பி அல்லது சி வதிவிட அனுமதி வைத்திருப்பவர்கள் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம், இரண்டு ஆவணமும் உடன் இருக்க வேண்டும், கடவுச்சீட்டு காலாவதியாகியிருக்கக்கூடாது. எஃப் அனுமதி உள்ளவர்கள் முன்கூட்டித் திரும்பிவரும் விசா பெறாமல் எல்லை தாண்ட முடியாது. அந்த விண்ணப்பம் தங்குமிடம் பதிவு செய்வதற்கு முன் நடக்க வேண்டிய வேலை. 2015 நவம்பர் முதல் பிரான்ஸ் தன் உள் எல்லைகளில் சோதனை வைத்திருக்கிறது. வென்டிமீலியாவிலிருந்து மென்டோனுக்குள் நுழையும் இடத்தில் நிறுத்துவார்கள். ஆவணங்கள் பெட்டிகளுக்கு அடியில் கிடக்காமல் முன்னிருக்கைப் பக்கம் இருக்கட்டும். தாய் அல்லது தகப்பன் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு போனால், மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும். ஒளிரும் மேலங்கியும் முக்கோணப் பலகையும் காருக்குள் கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

திரும்பும் வழிக்குப் பெரும்பாலானோர் திட்டமே போடுவதில்லை. கிரோனாவிலிருந்து சூரிச் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். ஒரே மூச்சில் ஓட்டிவிடலாம் என்று எண்ணி, ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமையில் ஏ9, ஏ7 வீதிகளில் சிக்கிக்கொள்கிறார்கள். பிரெஞ்சுப் போக்குவரத்துச் சேவையான பிசோன் ஃபுத்தே அத்தகைய நாட்களை முன்கூட்டியே சிவப்பு, கறுப்பு என்று அறிவித்துவிடுகிறது, பார்ப்பவர்கள்தான் குறைவு. முதல் நாள் மோன்பெலியே வரை, இரண்டாம் நாள் அன்சி ஏரி வரை, மூன்றாம் நாள் வீடு. நடு நாள் 400 கிலோமீட்டர் நீளமானது, அதனால் அன்சியில் மாலையில் ஏரிக் குளியலைத் தவிர வேறு எதையும் வைக்கக்கூடாது. பள்ளி தொடங்கும் திங்கட்கிழமைக்கு முன் மூன்று இரவாவது பிள்ளைகள் தம் சொந்தக் கட்டிலில் தூங்கும்படி வெள்ளிக்கிழமையே வீடு வந்து சேருங்கள்.